உலைப்பானைக்குக் கட்டிய கயிறு

சொரிமுத்து அத்தானின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு, நாங்கள் அழைக்காத பதினான்கு பேர் வந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், தோணிக்காரர்கள், உப்பளத்து ஆட்கள். பந்தியில் உட்கார்ந்து ஒவ்வொருவரும் மூன்று தடவை சோறு வாங்கினார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். துக்க வீட்டில் இப்படியா சாப்பிடுவார்கள் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. நாலாவது தடவையாக ரசம் கேட்ட ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பா நெனைக்காதிய தம்பி. குடிய விடணும்னா மொதல்ல வயித்த நெறைச்சுக்கோன்னு அண்ணாச்சிதான் சொல்லித் தந்தாவ. பழகிப்போச்சு" என்றார். அந்தப் பதினான்கு பேரும் அத்தானிடம் யோசனை கேட்டுக் குடியை நிறுத்தியவர்களாம். சர்க்கார் மதுவிலக்குக் கொண்டுவருவதற்கு முன்பே நிறுத்தியவர்கள் என்று அவர் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

அத்தான் போனது நாற்பத்தொன்பதாம் வருஷம், மூன்று நாள் காய்ச்சலில். நாற்பத்தாறு வயது. அவரைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று அந்தப் பந்தியில்தான் தோன்றியது.

அவர் தோணியில் பண்டாரி. அதாவது சமையல்காரர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு கருவாடும் வெங்காயமும் கருப்பட்டியும் ஏற்றிப்போகிற பாய்மரத் தோணி ஒன்றில், பதினோரு பேருக்குச் சோறாக்குவது அவர் வேலை. குட்டையான ஆள். பெரிய குரல். சிரித்தால் கப்பல் மேடையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என் அக்கா சீனித்தாயைக் கட்டியவர். பிள்ளைகள் இல்லை. மற்றபடி அவரிடம் ஒரே குறை, சாராயம்.

குடிக்கிறவர்கள் எல்லோரும் நிறுத்துவேன் என்று சொல்லுவார்கள். அத்தான் சொன்னதோடு நிற்கமாட்டார், நிறுத்தியும் காட்டுவார். அதில்தான் சங்கடம். எங்கள் பக்கத்தில் குடியை விடுவதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. திருச்செந்தூருக்கு நேர்ந்து மாலை போட்டுக்கொள்வது. நாற்பத்தெட்டு நாள் விரதம். மற்றவர்கள் ஒரு வேளை மட்டும் உண்டு, காலையில் குளித்து, சாமி கும்பிடுவார்கள். அத்தானுக்கு அது போதாது. உப்பை விட்டார். மோரை விட்டார். நாளுக்கு நாலு தடவை குளித்தார். வெறுந்தரையில் படுத்தார். தோணியில் மற்றவர்களுக்கு மீன்குழம்பு வைத்துவிட்டு, தனக்கு மட்டும் கையளவு பச்சரிசிக் கஞ்சி. தோணியின் தண்டல் ஹென்றி, புன்னைக்காயல்காரர், தண்டல் என்றால் தோணித் தலைவர், அவர்கூடக் கெஞ்சிப் பார்த்தார்.

"வே சொரிமுத்து, சாமி உம்மக் குடிக்க வேண்டாம்னுதான சொல்லுது. சாகவா சொல்லுது?"

"நீரு சும்மா இரும் தண்டல். இந்தத் தடவ வேரோட புடுங்கிருவேன்."

நாற்பத்தெட்டு நாளும் ஒரு சொட்டுப் படாது. நாற்பத்தொன்பதாம் நாள் மாலையைக் கழற்றுவார். சாயங்காலம் சாராயக்கடையில் இருப்பார். அதன்பிறகு மூன்று நாள் அவரை யாராலும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. இரண்டு வருஷம் இப்படி நடந்தது. மூன்றாவது வருஷம், விரதத்தில் கடுமை போதவில்லை என்று அவருக்கே பட்டுவிட்டது. வைகாசி விசாகத்துக்கு வாய்ப்பூட்டு நேர்ந்துகொண்டார். இரண்டு கன்னத்திலும் வெள்ளி அலகைக் குத்தி வாயைப் பூட்டிக்கொண்டு, தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்தார். பார்த்தவர்கள் காலில் விழுந்தார்கள். கோயிலில் அலகை எடுத்துத் திருநீறு வைத்தார்கள். திரும்பி வருகிற வழியில் காயத்துக்கு மருந்து போட வேண்டும் என்று சொல்லி ஒரு கடைக்குள் போனார். அவர் போட்ட மருந்து என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் விடிந்தபோது பக்கத்து வீட்டு ஆட்டுக்கிடையில், கழுத்தில் மாலையோடு, ஒரு கிடாய்மேல் கையைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே அக்கா டிரங்குப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஏரலுக்கு, எங்கள் வீட்டுக்குப் போய்விட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அதுதான் அத்தானைப் பயமுறுத்தியது. நான் அப்போது பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு, தூத்துக்குடியில் பஞ்சு ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆகையால் தூது போகிற வேலை என் தலையில் விழுந்தது. அத்தானையே அழைத்துக்கொண்டு போனேன். அக்கா வாசலில் நின்றுகொண்டே பேசினாள்.

"ஒரு வருஷம் குடிக்காம இருந்து காட்டுங்க. வாரேன்."

"ஒரு வருஷம் என்னளா, ரெண்டு வருஷம் இருக்கேன். இப்பவே மாலையப் போட்டு..."

"அந்த மாலதான் கூடாதுங்கேன். மால, காவடி, மொட்ட, அலகு ஒண்ணும் இருக்கப்படாது. விரதம்னு காதுல விழுந்துதோ, நான் அங்கன வரவே மாட்டேன்."

அத்தான் மாலை இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டார். "விரதம் இல்லாம எப்படிளா நிப்பாட்டுறது?"

"அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள்.

தன்னைக் கட்டிப்போடக் கயிறே இல்லாமல் போனதுபோல இருந்தது அவருக்கு. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவர் ஒன்றும் முயலவில்லை. எந்த முயற்சியும் பலிக்காது என்று முடிவு கட்டிவிட்டார். "விட்டாச்சு மாப்ளே, நம்ம சாதகம் அவ்வளவுதான்" என்பார். மாப்பிள்ளை என்றுதான் அவர் என்னைக் கூப்பிடுவது. முன்பு நாற்பத்தெட்டு நாள் நின்று மூன்று நாள் குடித்தவர், இப்போது நின்ற நாள் ஒன்றுமில்லை. ஒரு தடவை நடுக்கடலில் சோறு கருகி, பதினோரு பேரும் வெறும் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கொழும்பு போய்ச் சேர்ந்தார்கள்.

உலக யுத்தம் முடிந்து அடுத்த தை மாதம், தோணி கொழும்பில் சரக்கு இறக்கக் காத்துக்கிடந்தது. அத்தான் புறக்கோட்டைச் சந்தைக்குத் தேங்காய் வாங்கப் போனார். வழக்கமாக வாங்குவது பியதாசா என்ற சிங்களவரிடம். சந்தைத் தமிழ் நன்றாகப் பேசுவார். அன்றைக்குப் பௌர்ணமி. பியதாசா வெள்ளை உடுத்திக்கொண்டு கடையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு விகாரைக்குப் போறது. தேங்காய் வேணும் எண்டா பொறுத்து இரு. இல்லை எண்டா நீயும் வா."

கடை வாசலில் தனியாக நின்றால் கால் எங்கே போகும் என்று அத்தானுக்குத் தெரியும். ஆகையால் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே போனார். விகாரையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஒரு பிக்கு பேசிக்கொண்டிருந்தார். நடுவயது, ஒல்லி, அடிக்கடி இருமல். சிங்களம் அத்தானுக்குப் புரியவில்லை. பியதாசா காதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"வீணைக் கம்பி மிச்சம் இறுக்கினா உடைஞ்சிடும். மிச்சம் விட்டா சத்தம் இல்லை. நல்ல காரியம் செய்யிறதும் அப்படித்தானாம். மிச்சம் பாடுபட்டா மனசு கொதிக்குது. பாடே படாட்டி மனசு தூங்குது. சமனா வைக்கச் சொல்லி புத்தர் சொன்னது."

அத்தானால் எந்த இடத்திலும் சும்மா இருக்க முடியாது. கையைத் தூக்கிவிட்டார்.

"சாமி, ஒரு சந்தேகம். வீணைய நான் தொட்டதில்ல. உலைப்பானையப் பத்திச் சொல்லலாமா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பியதாசா வெட்கத்தோடு மொழிபெயர்த்தார். பிக்கு தலையசைத்தார்.

தோணியில் சமைப்பதே ஒரு வித்தை. மேல்தட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கும், அதற்குள் மணல், மணலுக்குமேல் மூன்று கல். அதுதான் அடுப்பு. பெட்டியின் நாலு மூலையிலும் நாலு கட்டை. பானையின் கழுத்தைக் கயிற்றால் அந்தக் கட்டைகளோடு கட்ட வேண்டும். புதிதாக வருகிற பண்டாரி பயத்தில் இறுக்கிக் கட்டிவிடுவான். தோணி சாயும்போது பானையும் அப்படியே சாயும். கஞ்சியில் பாதி அடுப்புக்குப் போகும். கட்டாமல் விட்டால் பானையே கடலுக்குப் போகும். இதையெல்லாம் அத்தான் கையால் ஆட்டிக் காட்டிச் சொல்ல, பியதாசா அதையும் ஆட்டிக் காட்டி மொழிபெயர்த்தாராம்.

"நீ எப்படிக் கட்டுறது எண்டு கேக்கிறார்" என்றார் பியதாசா.

"கடலப் பாத்துத்தான் சாமி. காத்து கூடுனா ஒரு விரக்கடை தளத்துவேன். காத்து விழுந்தா ஒரு விரக்கடை இறுக்குவேன். சோறு வேகுற வரைக்கும் கை கயித்துலதான் இருக்கும். ஒருக்க கட்டிப்போட்டுட்டுப் போய்ப் படுக்க முடியாது."

பிக்கு சிரித்தாராம். சிரித்ததில் இருமல் வந்துவிட்டதாம். இருமி முடித்துவிட்டு, தனக்கு வீணையைவிட இதுதான் நன்றாகப் புரிகிறது என்றாராம். அவ்வளவுதான் சொன்னார். குடியைப் பற்றி அத்தானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் அத்தானுக்குத் தன் வாயிலிருந்து வந்த சொல்லே மண்டையில் அடித்ததுபோல ஆகிவிட்டது. துறைமுகம் வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்து தோணியில் ஏறியபிறகுதான் சாக்கைப் பார்த்தார். காலியாக இருந்தது. அன்றைக்குத் தேங்காய் இல்லாத குழம்பு.

ஊருக்கு வந்ததும் என் அறைக்கு வந்து இதையெல்லாம் சொன்னார். "மாப்ளே, பானைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல பாத்தியா? நான் கட்டுனதெல்லாம் இறுக்கிக் கட்டுனது. நாப்பத்தெட்டு நாளும் நான் சாமியையா நெனச்சேன்? நாப்பத்தொம்பதாவது நாளத்தாம்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்." நடு வழி, சம முயற்சி என்றெல்லாம் நான் கல்லூரியில் படித்துப் பரீட்சையும் எழுதியவன். அறுபது மார்க்கு வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு ஒருவேளைச் சோறுகூட நான் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. அத்தான் தேங்காய் வாங்கப் போன இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

பிடித்ததோடு விடவில்லை. காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தடவை, தன்னைத்தானே கேட்டுக்கொள்வார்: கயிறு எப்படி இருக்கு? 'இனிமேல் ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்' என்று மார்தட்டுகிற நினைப்பு வந்தால், அது இறுக்கம். உடனே போய் நன்றாகச் சாப்பிடுவார், யாரையாவது வம்புக்கு இழுத்துச் சிரிப்பார், கடற்கரையில் சடுகுடு பார்ப்பார். 'ஒரு கிளாஸ்ல என்ன ஆயிரும்' என்ற நினைப்பு வந்தால், அது தளர்ச்சி. அன்றைக்குத் தனியாக இருக்கமாட்டார். ஹென்றியைப் பிடித்துக்கொண்டு, "தண்டல், என்கூட வீடு வரைக்கும் நடந்து வாரும்" என்பார். வெறும் வயிறுதான் தன்னைக் கடைக்கு இழுத்தது என்றும் கண்டுபிடித்தார். ஆகையால் ஐந்து மணிக்கே சாப்பாடு. சாராயக்கடைத் தெருவழியே போவதில்லை. அதற்காக முன்போல ஊரைச் சுற்றிக்கொண்டும் போவதில்லை, பக்கத்துத் தெருவழியே போவார். ஹென்றி கேலி செய்வார்.

"என்னவே, இன்னைக்குக் கயிறு எப்படி?"

"கொஞ்சம் லூசாத்தான் இருக்கு. நீரு பேசாம வாரும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஏரலுக்குப் போய் அக்காவிடம் சொல்லுவேன். இரண்டு மாதம் ஆச்சு, ஐந்து மாதம் ஆச்சு என்று. அவள் "ம்" என்பாள். "என்ன விரதம்?" என்று மட்டும் தவறாமல் கேட்பாள். "ஒரு விரதமும் இல்லைக்கா, நல்லாச் சாப்பிடுதாவ" என்றால் நம்பாமல் பார்ப்பாள்.

எட்டாவது மாதம் புன்னைக்காயலில் ஹென்றியின் தங்கைக்குக் கல்யாணம். தோணி ஆட்கள் எல்லோரும் போனார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அத்தான் என் அறைக் கதவைத் தட்டினார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"குடிச்சிட்டேன் மாப்ளே. ஹென்றி சந்தோசத்துல ஊத்திக் குடுத்தான். ஒரு கிளாஸ். ஏரலுக்குக் கெளம்பு, உங்க அக்காகிட்ட சொல்லணும்."

எட்டு மாதம் நான் நடந்த நடையெல்லாம் கண்முன் வந்தது. "அத்தான், இன்னும் நாலே மாசம். ஒரு கிளாஸ்தான. நான் சொல்லமாட்டேன், ஹென்றியும் சொல்லமாட்டார்" என்றேன். படித்தவன் கொடுத்த யோசனை அது.

அவர் தலையை ஆட்டினார். "மறைச்சேன்னா அதும் இறுக்கிக் கட்டுனதுதான். எப்பம் கவிழும்னே பாத்துக்கிட்டு இருக்கணும். என்னால ஆவாது. சட்டையப் போடு."

கரியை எரித்து அந்தப் புகையில் ஓடும் பஸ் அது. யுத்தம் முடிந்தும் எங்கள் பக்கம் பெட்ரோல் பஸ் வந்தபாடில்லை. வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பத்தரை மணிக்கு ஏரல் வந்தது. அக்கா களத்தில் புழுங்கல் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் சேந்து வாரிய? யாரு செத்தா?"

"ஒருத்தரும் சாகல. நேத்து நான் குடிச்சேன்" என்றார் அத்தான்.

அக்காவின் கால் நின்றது. "எவ்வளவு?"

"ஒரு கிளாஸ்."

"ஒரு கிளாஸோட எந்திரிச்சு வந்த ஆள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. பெறவு?"

"ரெண்டாவதும் ஊத்துனான். கையில வாங்கிட்டேன். வாங்கி, திரும்ப ஹென்றி கையிலயே குடுத்துட்டு வண்டி புடிச்சு ஊருக்கு வந்துட்டேன்."

"ஏன்? எட்டு மாசம்தான் போச்சே. பெறவு குடிச்சா என்ன, குடிக்காட்டா என்ன?"

"எட்டு மாசம் எங்களா போச்சு? அது அங்கனதான் கெடக்கு. நேத்து ஒரு நாள்தான் போச்சு. ஆனா குடிச்சது குடிச்சதுதான். உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல."

அக்கா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவர் தலை மழிக்காமல் இருந்தது. நெற்றியில் பட்டை இல்லை. காலில் செருப்பு இருந்தது. தப்பு செய்துவிட்டு அவள்முன் வந்து நிற்கும்போது அத்தான் இப்படி இருந்ததே கிடையாது. எப்போதும் பட்டினியோடும் மொட்டைத் தலையோடும்தான் வருவார்.

"என்ன நேந்திருக்கிய?"

"ஒண்ணும் நேரல."

"சாப்பிட்டியளா?"

"ஏழு இட்லி."

"எட்டு" என்றேன் நான். பஸ் நிலையத்தில் இன்னொன்று வாங்கித் தின்றதை நான் பார்த்தேன்.

அக்காவின் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும். அத்தானுக்குத் தெரியவில்லை. அவர் கோர்ட்டில் நிற்பதுபோல நின்றார். அக்கா நெல்லைக் கிளறத் தொடங்கினாள். களத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் நின்றோம்.

"இனி என்ன செய்யப் போறிய?" என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து.

"திங்கக்கிழம தோணி. பதினோரு பேருக்குச் சோறாக்கணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு நானும் சாப்பிடணும். ஹென்றிகிட்ட, இனி என் கையில கிளாஸக் குடுக்காதேன்னு சொல்லணும். வேற ஒண்ணும் பெரிசா இல்ல."

இன்னொரு சுற்று. பிறகு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நெல்லு காய ரெண்டு நாளு ஆவும். வெள்ளிக்கெழம வாரேன்."

அத்தான் மலைத்துப்போனார். "வருசம் முடியலையேளா. அதுலயும் நான் குடிச்சிட்டேன்னு சொல்லத்தான வந்தேன்."

"வர வேண்டாம்னா சொல்லுங்க."

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லலியே!"

"அப்பம் வெயில்ல நிக்காம உள்ள வாங்க. ஏலே காசி, உங்க அத்தானுக்கு மோர் எடுத்துட்டு வா" என்று என்னை விரட்டினாள்.

அப்படியும் வெள்ளிக்கிழமை வரைக்கும் அத்தானுக்குச் சந்தேகம் தீரவில்லை. நாலு நாளைக்கு இருந்து பார்க்க வருகிறாளா, ஒரேயடியாக வருகிறாளா? "நீ கேளு மாப்ளே" என்றார். "நீங்களே கேளுங்க" என்றேன். வீட்டைக் கூட்டினார், கழுவினார், மறுபடியும் கூட்டினார். பஸ் வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே என்னை இழுத்துக்கொண்டு போய் நின்றுவிட்டார்.

பஸ் புகையோடு வந்து நின்றது. அக்கா இறங்கினாள். டிரங்குப்பெட்டி இறங்கியது. ஒரு கூடை இறங்கியது. அத்தான் இரண்டையும் பார்த்தார். ஒரு மாதத்துக்கான சாமான் என்று அவர் மனசு கணக்குப் போட்டிருக்கும். முகம் கொஞ்சம் வாடியது. அப்போது கண்டக்டர் மேலேயிருந்து, "ஏ, ரெண்டு பேரு வாங்கவே, இந்த அம்மியக் கொண்டுவந்து என் தலையில கட்டியிருக்காவ!" என்று கத்தினார்.

நல்ல கருங்கல் அம்மி. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். காலஞ்சென்ற எங்கள் அம்மா அரைத்த அம்மி. ஏரல் வீட்டில் நான் பிறந்ததிலிருந்து ஒரே இடத்தில் கிடந்தது. அதை யாரும் நகர்த்தி நான் பார்த்ததில்லை.

"இங்கன ஒண்ணு இருக்கேளா" என்றார் அத்தான், அம்மியைத் தடவிப் பார்த்துக்கொண்டே.

"அது கொத்தாம வழுவழுன்னு கெடக்கு. எனக்குத் தெரியும். இனி இதுதான்" என்றாள் அக்கா.

கூலியாள் ஒருவன் பக்கத்திலேயே நின்றான். அத்தான் அவனைத் தள்ளிவிட்டு, அம்மியைத் தானே தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். கடைக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். அக்கா குழவியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். நான் பெட்டியும் கூடையுமாகக் கடைசியில் போனேன். பாதித் தெருவில் அத்தானுக்கு மூச்சு முட்டியது, நடை மட்டும் குறையவில்லை.

"மெதுவாப் போங்க" என்றாள் அக்கா. "நான் ஒண்ணும் ஓடிற மாட்டேன்."